அப்ரூவல் கொடுக்காத தலைவர்களும் அடையாளம் தெரியாத நாயும்

பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நிற்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பழைய கம்பெனியில் கேட்டார்கள். வேலையை விட்டு வந்தவன் சும்மாதான் இருப்பான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. நம்பிக்கை சரிதான், சும்மாதான் இருக்கிறேன்.

ஷிப்மென்ட் தள்ளிப்போனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் எப்படிக் கெஞ்சுவது, சாயம் மாறி வந்தால் பழியை யார் தலையில் இறக்குவது, இதெல்லாம் நீங்கள் சீக்கிரமே தானாகக் கற்றுக்கொள்வீர்கள். திருப்பூர் காற்றில் பஞ்சு பறப்பதுபோல அதுவும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நான் எழுதப்போவது நெருக்கடி வரும்போது தலை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. அதாவது என் தலை எப்படி வேலை செய்யாமல் நின்றது என்பதைப் பற்றி. அதற்கு, ஒரு நாயிடம் நான் கடி வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், நான் ஓர் இயக்கத்தின் மாவட்டப் பிரச்சாரச் செயலாளராக இருந்ததைச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். விசிட்டிங் கார்டே இருந்தது.

இயக்கத்தின் பெயர் உடலுரிமைப் பேரவை. கொரோனா காலத்தில் திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்கள் பனியன் யூனிட்டில் ஊசி போட்ட சர்டிபிகேட் காட்டாதவர்களை கேட்டிலேயே நிறுத்தினார்கள். பஸ் பிடித்து வந்த பெண்கள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். எதற்கு ஊசி, போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் பேரவைக்காரர்கள் கூட்டம் போட்டு, "உடம்பு என்னுடையது, கேட்டுவிட்டுக் குத்து" என்றார்கள். அது நியாயமான பேச்சு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்னும் அங்கேயேதான் இருந்திருப்பேன்.

ஆனால் அவர்கள் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பையர் பேசுவார், நாம் "நோட்டட்" என்று பதில் அடிப்போம். ஃபேக்டரி மேனேஜர் கத்துவார், அதற்கும் "நோட்டட்". அப்படி வருடக்கணக்காக வாயை மூடிப் பழகியவனிடம் மைக்கைக் கொடுத்து முன்னால் ஆளையும் உட்கார வைத்தால் என்ன ஆகும்? டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வருவதுபோல நடந்து காட்டுவேன். நோயாளி கட்டிலுக்கு அடியில் ஒளிவதுபோல மேடையில் தவழ்ந்து காட்டுவேன். பல்லடத்தில் ஒரு பாட்டி சிரித்துச் சிரித்து வெற்றிலையை விழுங்கிவிட்டார். அது வீடியோவாக வாட்ஸ்அப்பில் சுற்றியது.

நான் தவழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் மெல்ல மெல்லக் கொள்கை மாறியது. "கேட்டுவிட்டுக் குத்து" என்பது "குத்தாதே" என்றானது. பிறகு "எதையுமே, யாருக்குமே, எப்போதுமே குத்தாதே" என்றானது. பையர் காலரில் அரை இன்ச் மாற்றினால் ஊரைக் கூட்டுகிறவன் நான். இங்கே சட்டையே மாறிவிட்டது, எனக்குத் தெரியவில்லை. கைதட்டல் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

தலைவர்கள் இருவர். பெரியவரை எல்லோரும் "ஐயா" என்போம். கோவைக்காரர். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். "டாக்டர் என்பவன் வெள்ளைக் கோட்டு மாட்டிய வியாபாரி" என்று அவர் சொல்லும்போது தாலாட்டுப் பாடுவதுபோல இருக்கும். இன்னொருவர் பொதுச் செயலாளர். நூல் புரோக்கர். இவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை வேகம் கூட்டிக் கேட்டாலும், குறைத்துக் கேட்டாலும் கோபம் ஒரே அளவில் இருக்கும். ஆட்களைப் பதவி சொல்லித்தான் கூப்பிடுவார். நான் "பிரச்சாரம்".

ஒருமுறை அவருடைய நூல் குடோனில் செயற்குழு கூடியது. கொசுவர்த்திச் சுருள் உடலுரிமை மீறலா இல்லையா என்பது பொருள். "என் அனுமதி இல்லாமல் புகை என் மூக்கில் நுழைகிறது, எனவே மீறல்" என்றார் ஒருவர். "கொசுவும்தான் அனுமதி கேட்பதில்லை" என்றார் இன்னொருவர். இரண்டு கட்சியும் தொடையிலும் முதுகிலும் பளார் பளாரென்று அடித்துக்கொண்டே விவாதித்தன. வெளியே இருந்து கேட்டவர்கள் உள்ளே கைகலப்பு என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் துணைக்குழு அமைத்தோம். அன்றைக்கே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அவிநாசியில் எனக்கு மைக் இருந்தது.

இனி நாய்.

எங்கள் யூனிட்டின் பின்பக்கம் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும். அந்த மூட்டைகளுக்கு இடையே எங்கிருந்தோ வந்த ஒரு நாய் படுத்திருந்தது. யாருக்கும் தெரியாத நாய். செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் எஸ்தர் அந்தப் பக்கமாகப் போனபோது ஆடுசதையில் கடித்துவிட்டது. எஸ்தருக்குச் சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர். ஒரு டீ-ஷர்ட்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் போட்ட சத்தம் கேட்டு ஒரு வீரன் ஓடி வந்தான். அது நான்தான். நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. வீரன் திரும்பி ஓடினான். ஓடுகிறவனை நாய் எந்தப் பக்கம் கடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் விவரிக்கப் போவதில்லை.

நாய் கேட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. கம்பெனி நர்ஸ் எஸ்தரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். எனக்கும் ஒரு சோப்பைக் கையில் கொடுத்து, பாத்ரூமில் போய் நெடுநேரம் கழுவச் சொன்னாள். நான் திரும்பி வந்ததும், "உடனே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். ரெண்டு பேரும் ஊசி போட்டே ஆகோணும். வெறி நோய் வந்ததுக்கப்புறம் காப்பாத்த முடியாதுங்க. வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான்" என்றாள்.

எஸ்தர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நான் சார் சொல்லுதபடி செய்யுதேன்" என்றார்.

சிக் ரூம் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். செக்கிங் செக்ஷன் மொத்தமும் என் கூட்டத்துக்கு வந்து கைதட்டியவர்கள். அவர்கள் ஹாலுக்கு ஃபேன் போடச் சொல்லி நான் ஒருமுறை மேனேஜரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அதனால் நான் சொன்னால் அது சரி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. பீகார் டெய்லர் ஒருவன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார், ஊசி போடு. ஜல்தி. நம்ம ஊர்ல ஒரு ஆளு மர் கயா" என்று, செத்துப்போனான் என்பதற்கு விரலை மேலே காட்டினான்.

எனக்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற பயம் பாதி. போய் ஊசி போட்டால், நாளைக்கு மேடையில் எந்த முகத்தோடு தவழ்வேன் என்ற பயம் மீதி. இந்த வரிசையிலா பயப்படுவான் மனுசன் என்று கேட்காதீர்கள், நான் அப்படித்தான் பயந்தேன். இதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நாய் கடிச்சிருச்சாமா?"

"ஆமா."

"அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"என்ன பேச்சு இது?"

"ஊசி போட்டுட்டு ஊட்டுக்கு வாங்க. போடலீன்னா அந்த ஐயா ஊட்டுலயே இருந்துக்குங்க. நீங்க கடிச்சா அவிய தாங்குவாங்க."

ஃபோனை வைத்துவிட்டு ஐயாவின் எண்ணை அழுத்தினேன். உதவியாளர் எடுத்தார். நாய் கடித்துவிட்டது என்றேன். "ஐயாவையா?" என்று பதறினார். என்னை என்றேன். "ஓ, இருங்க" என்று நிதானமாகிவிட்டார்.

ஐயா லைனுக்கு வந்தார். "சொல்லுங்க."

"ஐயா, தெரியாத நாயிங்க. எங்க செக்கிங் அம்மாவையும் கடிச்சிருச்சு. ஊசி போடோணுமுங்களா, வேண்டாமுங்களா?"

"பயம்தான் முதல் நோய். உடம்பை நம்புங்க."

"நம்பறேனுங்க. அப்ப ஊசி வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லீரட்டுங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"அப்பப் போட்டுக்கச் சொல்லட்டுங்களா?"

"அப்படியும் சொல்லலையே. அது அவங்கவங்க சுதந்திரம்."

"அதிருக்கட்டுமுங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நான் எப்படிங்க சொல்ல முடியும்? நான் என்ன டாக்டரா?"

இத்தனை மேடைகளில், இத்தனை மணி நேரம் டாக்டர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட மனிதர் கேட்கிறார், நான் என்ன டாக்டரா என்று. எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. கடி இருந்த இடம் காரணமாக அதுவும் முடியவில்லை.

பொதுச் செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் தயங்கவே இல்லை. "ஏனுங்க பிரச்சாரம், இது நமக்குக் கெடைச்ச சந்தர்ப்பமுங்க. போடாதீங்க. அந்தம்மாளும் போட வேண்டாம். ஊசி இல்லாம நடந்து காட்டுங்க, ஊரே பாக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. உருப்படியாக ஒருவர் பதில் சொல்லிவிட்டார். எஸ்தரிடம் போய்ச் சொல்வதற்குத்தான் திரும்பினேன். அதற்குள் என் விரல்கள் தாங்களாகவே ஒரு வேலை செய்தன.

நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பையர் ஃபோனில் "இந்தக் கலர் ஓகே" என்பார். நம்பித் துணியை வெட்டினால், சரக்கு கப்பலில் போய் இறங்கியதும் "நானா சொன்னேன்?" என்பார். அதனால் ஃபோனை வைத்ததும் நாம் ஒரு மெசேஜ் தட்டிவிடுவோம்: பேசியபடி இதுதான் முடிவு, உறுதி செய்யவும். எழுத்தில் அப்ரூவல் வராமல் கத்தரி துணி மேல் படக்கூடாது. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன வேலை. சத்தியமாகத் தந்திரம் எதுவும் நினைக்கவில்லை. தட்டிவிட்டேன்:

"வணக்கம். சற்றுமுன் பேசியபடி, நாய் கடித்த எஸ்தருக்கும் எனக்கும் ஊசி தேவையில்லை என்பது தங்கள் முடிவு. உறுதி செய்யவும்."

இரண்டு நீல டிக் விழுந்தது. அவர் டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பிறகு ஃபோனே வந்தது.

"என்னுங்க இது, மெசேஜெல்லாம் போட்டுட்டு? வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

"பையரே வாயில சொன்னாலும் நாங்க துணி வெட்டறதில்லீங்க."

"இது துணியா? கொள்கைங்க."

"துணிக்கே கேக்கறோமுங்க. இது ஆளு."

இருங்க என்று சொல்லி, மாநிலக் குழுவில் இன்னும் சிலரை லைனில் சேர்த்தார். அவசரக் கூட்டம் ஃபோனிலேயே நடந்தது. ஒருவர், அந்த நாய்க்கே தடுப்பூசி போட்டிருப்பார்கள், அதனால்தான் அதற்குக் கோபம் என்றார். இன்னொருவர், கடித்தது நாய்தானா என்று உறுதி செய்யுங்கள் என்றார். குரைத்ததுங்க என்றேன். மூன்றாமவர், பிரச்சாரச் செயலாளர் ஊசியின்றி மீண்டால் பாராட்டு, மீளாவிட்டால் இரங்கல் என்று இரண்டு விதமாகவும் அறிக்கை தயார் செய்துவைப்பது நல்லது என்றார். அவர் என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கலக்கியது.

பிறகு பொதுச் செயலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தம்மா நம்ம உறுப்பினருங்களா?"

"இல்லீங்க. கூட்டத்துக்கு வந்தவங்க. நான் பேசறதக் கேக்கறதுக்கு."

"அப்பச் சரி."

"எது சரிங்க?"

"இல்லீங்க, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம பேரு வராதில்ல."

லைனில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் ஃபோனைத் துண்டித்தேன். இவர்கள் பொய்யர்கள் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பொய்யரை எனக்குத் தெரியும், பாதி பையர்கள் அந்த ரகம்தான். இவர்கள் சொல்வதை இவர்களே நம்பலாம். ஆனால் சொன்ன வார்த்தைக்குக் கீழே பெயரைப் போடும் அளவுக்கு நம்பவில்லை. அவர்கள் பெயர் போடாத அந்த இடத்தில், இவ்வளவு நாளும் என் பெயர் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

எஸ்தரிடம் போனேன். "வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஊசி போட்டுக்கலாம்" என்றேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எஸ்தர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சார் பயந்துட்டிய."

"ஆமா. பயந்துட்டேன்."

"பயந்தான் நோய்னு மேடையில நீங்கதான சொன்னீங்க. எனக்குப் பயம் இல்ல சார். நான் வரல."

"அது சும்மா மேடைப் பேச்சும்மா."

"அப்ப எது நெசம்? மேடையில சொன்னதா, இப்பச் சொல்லுததா?"

ஒரு ஜோக் அடித்து இந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "மேடையில சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கைதட்டுனாங்க, சொன்னேன்" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தார். ஓட்டை இருக்கிற டீ-ஷர்ட்டைப் பார்க்கும் அதே பார்வை. "இத எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னா எப்பிடி சார்? அன்னைக்கு நாங்க பூராப் பேரும்லா கேட்டோம். வீட்டுல போயிப் பிள்ளைகள்ட்டயும் சொல்லிச் சிரிச்சோம். அவ்வளவு பேருக்கும் கேக்கும்படி சொல்லுங்க. பிறவு வாரேன்" என்றார்.

லைன் சூப்பர்வைசர்களைக் கூப்பிடுவதற்கு ஃப்ளோரில் ஒரு மைக் உண்டு. அதை எடுத்தேன். மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். ஷிப்மென்ட் நெருக்கடியிலும் நிற்காத மெஷின்கள் நின்றன. முதலில் என் பெயரைச் சொன்னேன். "ஊசி வேண்டாம்னு நான் கூட்டத்துல பேசுனது தப்பு. எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நாய் கடிச்சா ஊசி போடோணும். நானும் எஸ்தரம்மாவும் இப்பப் போயிப் போட்டுக்கப் போறோம். யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு என் பேரைச் சொல்லுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் மைக்கில் பேசி ஒருவர்கூடச் சிரிக்காத பேச்சு அதுதான். திரும்பிப் பார்த்தபோது எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கென்று தனி வரிசை. கையில் ஒரு ஊசி. கடி ஆழமாக இருந்ததால் கடித்த இடத்தைச் சுற்றியும் இன்னொரு மருந்து போட வேண்டும் என்றார் டாக்டர். திரைக்குப் பின்னால் போனேன். ஊசியோடு வந்த நர்ஸ் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அந்த ஊசிக் காமெடி வீடியோல வர்றவருதானுங்க?"

நான் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"நல்லா நடிச்சிருந்தீங்க. எங்க டூட்டி ரூம்ல பாத்துச் சிரிச்சோம். திரும்புங்க" என்றார்.

திரும்பினேன். அதன் பிறகு நான் எழுப்பிய ஓசையைப் பற்றி எஸ்தரிடம்தான் கேட்க வேண்டும். அவர் தன் ஊசிகளைப் பல்லைக் கடித்து முடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு வந்ததும், "நீங்க ஊசிக்கு எதிராப் பேசுனதுல ஒண்ணும் தப்பில்ல சார். நீங்க போட்ட சத்தத்துக்குப் பொருத்தமாத்தான் இருந்திருக்கு" என்றார்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கும் சேர்ந்தே போய் வந்தோம். கடைசி ஊசி மட்டும் பாக்கி இருக்கும்போது பொதுச் செயலாளர் கூப்பிட்டார். "எப்படி இருக்கீங்க பிரச்சாரம்?" நல்லா இருக்கேனுங்க என்றேன். "அதுதானுங்க வேணும். நாயித்துக்கெழமை உடுமலையில மாநாடு. நீங்கதான் சிறப்பு விருந்தினர்." இல்லீங்க, நான் வந்து என்று ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார். சாயங்காலம் குரூப்பில் போஸ்டர் வந்தது. நடுவில் என் படம். கீழே, "நாய்க்கடியை மன உறுதியால் வென்ற வீரர்." ஊசி போட்டாயா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டிருக்கவில்லை. உயிரோடு இருக்கிறான், போதும்.

போஸ்டரை எஸ்தரிடம் காட்டினேன். போகாமல் இருந்துவிடலாம் என்பது என் யோசனை. எஸ்தருக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க போகலன்னாலும் அவங்க இதத்தான் சொல்லுவாங்க சார். இதக் கேட்டுட்டு எவனாவது ஊசி போடாமக் கெடப்பான். போயிச் சொல்லிட்டு வாங்க. நானும் வாரேன்" என்றார்.

உடுமலை போகும் வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ஐயா எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்தித் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் மன உறுதியால ஜெயிக்கலீங்க. ஊசி போட்டேன். எல்லா ஊசியும் போட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது" என்றேன்.

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. ஐயாகூடச் சிரித்தார். ஊசிக் காமெடிக்காரர் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். நெசமாத்தானுங்க என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன். விசில் பறந்தது. வருடக்கணக்காக நான் உழைத்துச் சேர்த்த பெயர் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கைதட்டியது.

முன்வரிசையிலிருந்து எஸ்தர் எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "சிரிக்காதிய. அவரு நெசமாத்தான் சொல்லுதாரு. என்னையும் அந்த நாய்தான் கடிச்சுது. நானும்தான் போட்டேன். வெறி நாய்க் கடிக்கு ஊசி போடலன்னா சாவுதான்னு நர்ஸ் சொன்னாங்க. உங்க தலைவர்மாரு ஒருத்தர்கூட ஊசி வேண்டாம்னு எழுதித் தர மாட்டேன்னுட்டாங்களாம். கேட்டுப் பாருங்க."

சிரிப்பு அணைந்தது. "எழுதித் தந்தீங்களா, இல்லையா?" என்று நடுவிலிருந்து யாரோ கேட்டார்கள். பொதுச் செயலாளர் மைக் வயரைப் பிடுங்கினார். ஐயா மட்டும் பதறவில்லை. வேறு மைக்கில், மாற்றுக் கருத்துக்கும் இங்கே இடமுண்டு என்று தாலாட்ட ஆரம்பித்தார். பாதிப் பேர் அவருக்கும் கைதட்டினார்கள். ஒரு பேச்சில் ஓர் இயக்கம் கலைந்துவிடும் என்றெல்லாம் நினைக்காதீர்கள். அந்த இயக்கம் இன்னும் இருக்கிறது. எனக்குப் பதிலாக வேறொருவர் தவழ்கிறார்.

நாங்கள் வெளியே வந்து காரில் ஏறப்போனபோது ஓர் அம்மா பின்னாலேயே ஓடிவந்தார். கொமரலிங்கத்திலிருந்து வந்தவர். தென்னந்தோப்பில் வேலை. கூடவே கணவர், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்து வந்தார். பாதத்தில் மஞ்சள் அப்பித் துணி சுற்றியிருந்தது.

"ஏனுங்க, நீங்க மேடையில சொன்னது காமெடிக்கு இல்லீங்களே?"

"இல்லீங்கம்மா."

"எங்கூட்டுக்காரரை நேத்து நாய் கடிச்சிருச்சுங்க. ஊசி போடலாமா வேண்டாமான்னு மாநாடு முடிஞ்சதும் ஐயாகிட்டக் கேக்கலாம்னுதான் கூட்டியாந்தேன்" என்றார்.

எஸ்தர் காரின் பின்கதவைத் திறந்தார். அவர் முதலில் ஏறி நகர்ந்து, அந்த அம்மாவுக்கு இடம் விட்டார். அவர் கணவரை முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். மண்டப ஸ்பீக்கரில் ஐயாவின் குரல் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் வண்டி நின்றபோது அந்த மனிதர் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சாமி, வலிக்குங்களா?"

என் நாக்கில் தயாராக மூன்று பதில்கள் இருந்தன. மூன்றுமே நல்ல பதில்கள், எந்த மேடையிலும் கைதட்டு வாங்கியிருக்கும். பின்னால் எஸ்தர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குமுங்க" என்றேன். "நான் கூடவே நிக்கறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டார். சிக்னலில் பச்சை விழுந்தது, ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியை எடுத்தேன்.